கன்சோல் கேம்களுக்குத் தரச் சோதனை யார் செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் என்று எதை வாங்கினாலும், அதில் நாம் விளையாடும் கேம்களில் பெரும்பகுதி அந்தக் கன்சோலைத் தயாரித்த நிறுவனம் செய்தவை அல்ல. வெளி நிறுவனங்கள் செய்தவை. 'சோனி ஸ்டோரிலேயே விற்கிறார்களே, பார்க்காமலா விட்டிருப்பார்கள்?' என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் பலர். பார்த்துத்தான் விடுகிறார்கள். ஆனால் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதே இல்லை என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் தரப்பு கேம் என்றால் என்ன?

கன்சோல் நிறுவனம் தானே செய்வது முதல் தரப்பு. அதற்கு வெளியே உள்ள ஒரு நிறுவனம், தன் செலவில், தன் பெயரில் செய்து வெளியிடுவது மூன்றாம் தரப்பு. மரியோ நின்டெண்டோவின் சொந்தச் சரக்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேப்காமுடையது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் கன்சோல் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகும். தரச் சோதனையைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இந்தப் பணத்தை மறக்கக் கூடாது.

ஆரம்பத்திலிருந்தே இந்தச் சோதனை இருந்ததா?

இல்லை. ஆரம்பத்தில் மூன்றாம் தரப்பு என்ற ஒன்றே இல்லை. 1977இல் அடாரி நிறுவனம் வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம் என்ற கன்சோலை வெளியிட்டது. பின்னாளில் அடாரி 2600 என்று பெயர் பெற்றது இதுதான். அதற்கான கேம்களை அடாரியே செய்தது. 128 பைட் நினைவகம் மட்டுமே உள்ள கருவி அது. அதில் ஒரு கேமை ஓடவைப்பதே தனிக் கலை. அந்தக் கலை தெரிந்தவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. பெட்டியில் பெயர்கூட வராது.

டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நான்கு புரோகிராமர்கள் தாங்கள் செய்த கேம்கள் எவ்வளவு விற்றன என்று கணக்குப் பார்த்தார்கள். நிறுவனத்துக்குக் கோடிகளில் வருமானம் கொண்டுவந்தவர்களுக்கு ராயல்டி கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. 1979இல் வெளியேறி, இசைத்துறையிலிருந்து வந்த ஜிம் லெவியுடன் சேர்ந்து ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். அதுதான் உலகின் முதல் மூன்றாம் தரப்பு கன்சோல் கேம் நிறுவனம்.

அடாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசம் ஆனது: அடாரிக்கு ராயல்டி கொடுத்துவிட்டு மற்றவர்கள் கேம் செய்துகொள்ளலாம். அதே ஆண்டு ஆக்டிவிஷன் வெளியிட்ட பிட்ஃபால் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. திறமைசாலிகள் வெளியே போய் இன்னும் நல்ல கேம் செய்தார்கள் என்பதுதான் மூன்றாம் தரப்பின் முதல் கதை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெளியார் செய்தால் தரம் குறையும் என்ற எண்ணம் பிற்பாடு வந்தது.

அப்படியானால் குப்பை எங்கிருந்து வந்தது?

சமரசத்துக்குப் பின் கதவு அகலத் திறந்துவிட்டது. அடாரி கன்சோலில் எந்தப் பூட்டும் இல்லை. கார்ட்ரிட்ஜ் செய்யத் தெரிந்தால் போதும், யாரும் விற்கலாம். ஓட்ஸ் கஞ்சி விற்கும் குவேக்கர் நிறுவனத்துக்குக்கூட ஒரு கேம் பிரிவு இருந்தது. நாய்த் தீவனத்தை விளம்பரப்படுத்த ஒரு கேம் வந்தது. மிஸ்டிக் என்ற நிறுவனம் ஆபாச கேம்களை விற்றது. பூர்வகுடிப் பெண்ணை வன்புணர்வது போன்ற காட்சியுள்ள அதன் கேம் ஒன்று 1982இல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அடாரியால் அதைக் கடைக்கு வராமல் தடுக்க முடியவில்லை.

1983 வாக்கில் கடைகளில் சரக்கு தேங்கியது. மூழ்கிய சிறு நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ்களைத் திருப்பி அனுப்பக்கூட இடமில்லாமல், 30 டாலர் சரக்கைக் கடைக்காரர்கள் 5 டாலருக்குத் தள்ளினார்கள். 5 டாலருக்கு ஒரு கேம் கிடைக்கும்போது 30 டாலர் கொடுத்துப் புதிய நல்ல கேமை யார் வாங்குவார்கள்? அமெரிக்காவின் வீட்டு வீடியோ கேம் விற்பனை 1983இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்தது. 1985இல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியது.

ஈ.டி. கேம்தான் சந்தையைக் கவிழ்த்தது என்கிறார்களே?

அது தனி ஆளாகக் கவிழ்க்கவில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: 1982இல் ஈ.டி. திரைப்படத்தை வைத்து வந்த இது அடாரியின் சொந்தக் கேம். ஹாவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முடித்தாக வேண்டும் என்பதால் ஐந்தே வாரத்தில் செய்தது. அதே ஆண்டு வந்த பேக்-மேன் பதிப்பும் அடாரியுடையதுதான். அவசரத்தில் செய்து, விற்றதைவிடப் பல லட்சம் கூடுதலாக அச்சிட்டார்கள். மிஞ்சிய சரக்கு 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் தோண்டியபோது ஈ.டி. மட்டுமல்ல, வேறு பல கேம்களும் வெளியே வந்தன.

ஆக, வெளியார்தான் சந்தையைக் கெடுத்தார்கள் என்பது பாதி உண்மை. நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமௌச்சி அந்தப் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். மூன்றாம் தரப்புக்கு அளவுக்கு மீறிச் சுதந்திரம் கொடுத்ததால்தான் அடாரி வீழ்ந்தது என்பது அவர் முடிவு. அடுத்து வந்தது எல்லாம் அந்த முடிவின் விளைவு.

நின்டெண்டோ என்ன செய்தது?

பூட்டுப் போட்டது. 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் என்ற அதன் கன்சோலில் பூட்டு இல்லை. அதையே மாற்றியமைத்து 1985இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்றபோது கன்சோலுக்குள் ஒரு சிப், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஒரு சிப் வைத்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, விடையை ஒன்றுக்கொன்று சரிபார்க்கும். ஒத்துப்போனால் கேம் ஓடும். ஒத்துப்போகாவிட்டால் கன்சோலில் உள்ள சிப், கருவியை மறுபடி மறுபடி ரீசெட் செய்யும். அப்போது திரை மின்னி மின்னி அணையும். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கும் விநாடிக்கு ஒரு தடவை விட்டு விட்டு எரியும்.

என்.இ.எஸ். வைத்திருந்த எல்லோருக்கும் இந்தச் சிவப்பு விளக்கு தெரியும். காரணம், நியாயமாகக் காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜுக்கும் அது மின்னியது. கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளி அழுத்தும் அந்த அமைப்பில் பின்கள் நாளடைவில் தளர்ந்தன. தொடுமுனையில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் சிப்கள் பேசிக்கொள்வது தடைப்படும், பூட்டு விழுந்துவிடும். பிள்ளைகள் கார்ட்ரிட்ஜை எடுத்து வாயால் ஊதிப் போட்டார்கள். எச்சில் ஈரம் தொடுமுனையை அரிக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்ல வேண்டிவந்தது. 1993இல் வந்த, மேலிருந்து செருகும் மாடலில் அந்தப் பூட்டுச் சிப்பையே எடுத்துவிட்டார்கள்.

சிப் மட்டும்தானா?

சிப் கதவு. உண்மையான கட்டுப்பாடு ஒப்பந்தத்தில் இருந்தது. லைசென்ஸ் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து கேம் மட்டுமே வெளியிடலாம். அந்தக் கேமை இரண்டு ஆண்டுகள் வேறு கன்சோலுக்குக் கொடுக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜை நின்டெண்டோதான் தயாரிக்கும். எத்தனை பிரதி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, முன்பணம் கட்ட வேண்டும். விற்காவிட்டால் நட்டம் உங்களுடையது. 1988இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது யாருக்கு எத்தனை கார்ட்ரிட்ஜ் என்று பங்கிடும் அதிகாரமும் நின்டெண்டோவிடமே இருந்தது.

இந்த விதிகளில் ஐந்து கேம் வரம்பை மட்டும் மனதாரப் பாராட்டலாம். ஆண்டுக்கு ஐந்துதான் என்றால் நிறுவனமே தன் சரக்கில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும். எந்தப் பரிசோதகரும் செய்ய முடியாத வேலை அது. சந்து கண்டுபிடித்தவர்களும் உண்டு: கொனாமி, அல்ட்ரா கேம்ஸ் என்ற இன்னொரு பெயரில் நிறுவனம் தொடங்கி மேலும் ஐந்து வெளியிட்டது. 1989இல் வந்த நிஞ்ஜா டர்டில்ஸ் கேம் அந்தப் பெயரில்தான் வந்தது. மற்ற விதிகள் நின்டெண்டோவின் வியாபாரத்துக்காக. பிரத்யேக உரிமை விதியை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு துருவத் தொடங்கியபோது நின்டெண்டோ அதைக் கைவிட்டது.

பெட்டியில் நின்டெண்டோ முத்திரை இருந்தால் நல்ல கேம் என்று அர்த்தமா?

இல்லை. இது ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள். 'தரம்' என்ற சொல்லோடு வந்த அந்தத் தங்க நிற வட்ட முத்திரை நடைமுறையில் சொன்னது: இது நின்டெண்டோ அனுமதித்த சரக்கு, உங்கள் கருவியில் ஓடும். பொழுதுபோக்கிலும் தரமானது என்று அதன் வாசகம் சொன்னதுண்டு, ஆனால் சுவாரசியத்துக்கு அது உத்தரவாதமாக இருக்கவில்லை. முத்திரையோடு வந்த டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் நடக்கும் டாக்டரை நாய், குழந்தை, குண்டு வைப்பவன் என்று வழியில் வருவோர் எல்லாம் தொல்லை செய்வார்கள். கையில் உள்ள தடியால் அநேகமாக எதையும் செய்ய முடியாது. கோளாறு இல்லாமல் ஓடும். ஆனால் விளையாட முடியாது.

ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ் கிடைக்கும் வீடுகள் அன்று ஏராளம். தரம் என்ற சொல்லைப் பெட்டியில் பார்த்து வாங்கிய பெற்றோர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது நின்டெண்டோவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 2000களின் தொடக்கத்தில் முத்திரையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். ஆரம்பத்திலேயே எடுத்திருக்க வேண்டும்.

பூட்டை யாராவது உடைத்தார்களா?

பலர். இரண்டு வழிகள் பிரபலம்.

முதலாவது டெங்கன். இது அடாரி கேம்ஸ் நிறுவனத்தின் கிளைப் பெயர். முதலில் முறையாக லைசென்ஸ் வாங்கி மூன்று கேம் வெளியிட்டார்கள். உள்ளுக்குள் பூட்டை ஆராய்ந்துகொண்டே இருந்தார்கள், முடியவில்லை. கடைசியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய், வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி, நின்டெண்டோ அங்கே பதிந்துவைத்திருந்த புரோகிராமின் நகலை வாங்கிவிட்டார்கள். அதைக்கொண்டு 'முயல்' என்று பெயரிட்ட தங்கள் சொந்தச் சிப்பைச் செய்தார்கள். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தால் கதை வேறு. பொய் சொல்லி வாங்கியதுதான் குழி பறித்தது.

இரண்டாவது கலர் டிரீம்ஸ். இவர்களின் கார்ட்ரிட்ஜ் கன்சோலின் பூட்டுச் சிப்புக்கு ஒரு மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்து அதை மயக்கிவிடும். ஆனால் லைசென்ஸ் இல்லாத சரக்கை எடுத்து விற்கக் கடைகள் பயந்தன. அதனால் விஸ்டம் ட்ரீ என்ற பெயரில் பைபிள் கதை கேம்களைச் செய்து கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விற்றார்கள். அந்தக் கடைகளுக்கு நின்டெண்டோவைப் பற்றி என்ன பயம்?

கதவுக்கு வெளியே நின்றவை எல்லாம் நல்லவையும் அல்ல. 1991இல் வந்த ஆக்‌ஷன் 52 ஒரே கார்ட்ரிட்ஜில் 52 கேம் என்று 199 டாலருக்கு விற்கப்பட்டது. சில திறக்கவே இல்லை, பல பாதியில் நின்றன. நின்டெண்டோவின் சோதனையில் இது முதல் நாளே விழுந்திருக்கும்.

நம்மூரில் 90களில் விற்ற 'டிவி கேம்' கேசட்டுகளில் இந்தப் பூட்டு இருந்ததா?

இல்லை. நம்மூர்க் கடைகளில் கிடைத்த டிவி கேம்களில் பெரும்பாலானவை ஜப்பானிய ஃபேமிகாமின் நகல்கள். மேலே சொன்னதுபோல ஃபேமிகாமில் பூட்டுச் சிப் கிடையாது. அதனால்தான் அதை நகலெடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. நாம் கான்ட்ராவும் மரியோவும் விளையாடியதற்கும், '9999 இன் 1' என்று எழுதிய கேசட்டில் அதே சில கேம்கள் பெயர் மாறி மாறி வந்ததற்கும் காரணம் ஒன்றே: சோதிக்க நடுவில் யாரும் இல்லை.

மற்ற நிறுவனங்களும் இப்படித்தான் பூட்டினவா?

ஆமாம். சேகா தன் ஜெனிசிஸ் கன்சோலில் பூட்டுப் போட்டது. அக்கொலேட் நிறுவனம் அதைப் பிரித்து ஆராய்ந்து தன் கேம்களை ஓடவைத்தது. இணக்கத்துக்காக அப்படி ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று 1992இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. சோனியின் முதல் பிளேஸ்டேஷன், டிஸ்கின் தடத்தில் சாதாரண சிடி ரைட்டர் எழுத முடியாத ஒரு நெளிவை வைத்துச் சரிபார்த்தது.

ரத்தம், ஆபாசம் போன்றவற்றையும் தரச் சோதனையில் பார்ப்பார்களா?

அன்று பார்த்தார்கள். 1993இல் மார்ட்டல் காம்பாட் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோது ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றச் சொன்னார்கள். சேகா பதிப்பில் ஒரு ரகசியக் கோட் போட்டால் ரத்தம் வரும். அந்தப் பதிப்புதான் அதிகம் விற்றது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடந்தது. 1994இல் தொழில்துறையே சேர்ந்து ஈ.எஸ்.ஆர்.பி. என்ற வயதுத் தர அமைப்பை உருவாக்கியது. அதன்பின் 'யாருக்கு ஏற்றது' என்ற கேள்வி வயதுக் குறியீட்டுக்குப் போய்விட்டது. கன்சோல் நிறுவனம் பெருமளவுக்கு ஒதுங்கிக்கொண்டது. நல்ல மாற்றம்தான்.

இன்று என்னதான் சோதிக்கிறார்கள்?

சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றுக்கும் நீண்ட விதிப் பட்டியல் உண்டு. சோனியுடையது டி.ஆர்.சி., மைக்ரோசாஃப்டுடையது எக்ஸ்.ஆர்., நின்டெண்டோவின் சோதனைக்குப் பெயர் லாட்செக். கேமை முடித்த நிறுவனம் அதை அனுப்பும்; பட்டியலில் முக்கியமான ஒன்றில் விழுந்தாலும் திரும்பி வரும். துறையில் இதை 'செர்ட்' என்பார்கள்.

உதாரணத்துக்கு ஒன்றைப் பார்ப்போம்: விளையாடும்போது கன்ட்ரோலர் பேட்டரி தீர்ந்துபோனால்? கேம் உடனே நின்று, மறுபடி இணையுங்கள் என்று செய்தி காட்ட வேண்டும். பரிசோதகர் இதைச் சண்டை நடுவே மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். தலைப்புத் திரையில், லோடிங் ஓடும்போது, கதைக் காட்சி நடுவே, சேவ் ஆகும் அந்த ஓரிரு விநாடியில், இரண்டு பேர் விளையாடும்போது இரண்டாமவருடையதை மட்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் கன்ட்ரோலரைத் துண்டிப்பார். பிறகு வேறொரு கன்ட்ரோலரை இணைத்து, தப்பான ஆளுக்குக் கட்டுப்பாடு போகிறதா என்று பார்ப்பார். இதேபோல, நடுவில் வேறு கணக்கில் நுழைந்தால், இணையம் அறுந்தால், சேவ் செய்ய இடம் இல்லாவிட்டால், கன்சோலைத் தூங்கவைத்து மறுநாள் எழுப்பினால் என்ன ஆகிறது என்றெல்லாம். கன்ட்ரோலர் பட்டன்களுக்கு அந்த நிறுவனம் சொல்லும் பெயரும் குறியும்தான் வர வேண்டும். எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் பிளேஸ்டேஷன் முக்கோணம் தெரிந்தால் திரும்பிவரும்.

சலிப்பான வேலை. ஆனால் பத்து மணி நேரம் விளையாடிய சேவ் அழியாமல் இருப்பது இந்தச் சலிப்பான வேலையால்தான். பெயர் வெளியே தெரியாத அந்தப் பரிசோதகர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கேம் சுவாரசியமா, விலைக்குத் தகுந்ததா, விளம்பரப் படத்தில் காட்டியது உள்ளே இருக்கிறதா என்பது மட்டும் அவர்கள் பட்டியலில் இல்லை.

அப்படியானால் சைபர்பங்க் 2077 எப்படி உள்ளே வந்தது?

2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. பழைய பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் திணறியது, அடிக்கடி நின்றது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 ஜூனில்தான் மறுபடி வைத்தார்கள்.

வெளியீட்டு நாளுக்குள் சரிசெய்துவிடுவோம் என்று கன்சோல் நிறுவனங்கள் தங்களை நம்பியிருக்கும் என்ற பொருளில், கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் நிர்வாகமே முதலீட்டாளர்களிடம் பேசியது. இதுதான் இன்றைய நிலை. சோதனைக்குப் போகும் பிரதி ஒன்று, முதல் நாள் அப்டேட்டோடு நாம் விளையாடும் பிரதி இன்னொன்று. பெரிய நிறுவனம், பெரிய விளம்பரம் என்றால் 'பிறகு சரிசெய்கிறோம்' என்பதற்கு இடம் கிடைக்கிறது. ஒரு சிறு குழுவுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடைக்குமா? எனக்குச் சந்தேகம்தான். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்டேட்டுகளுக்கும் சோதனை உண்டா?

உண்டு; அது சில சமயம் கெடுதலும் செய்திருக்கிறது. 2012இல் ஃபெஸ் என்ற அழகான கேமுக்கு எக்ஸ்பாக்ஸ் 360இல் ஒரு பேட்ச் வந்தது. பல பிழைகளைச் சரிசெய்தது, ஆனால் மிகச் சிலருக்கு, நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு, சேவ் ஃபைலை அழித்தது. திருத்தி மறுபடி அனுப்ப வேண்டுமென்றால் மறுபடி சோதனைக் கட்டணம்; அது பல்லாயிரம் டாலர் ஆகும் என்றது கேமைச் செய்த சிறு குழு. கடைசியில் பிழையோடு அதே பேட்சைத் திரும்ப வெளியிட்டார்கள். தரத்துக்காக வைத்த கட்டணம் தரத்தையே தடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2013இல் அந்தக் கட்டணத்தை நீக்கியது.

இவ்வளவு சோதனை இருந்தும் ஸ்டோர்களில் ஏன் இத்தனை குப்பை?

கார்ட்ரிட்ஜுக்குச் செலவு இருந்தது, முன்பணம் இருந்தது, ஆண்டுக்கு ஐந்து என்ற வரம்பு இருந்தது. டிஜிட்டல் ஸ்டோரில் இவை எதுவும் இல்லை. கடையில் வாங்கிய ரெடிமேட் உருவங்களையும் காட்சிகளையும் ஒட்டி, பிரபலமான ஒரு பெயருக்கு ஒலியில் நெருங்கிய பெயரை வைத்து, கண்ணைப் பறிக்கும் அட்டைப்படம் போட்டு, 90 விழுக்காடு தள்ளுபடி என்று வைத்தால் 'புதியவை', 'தள்ளுபடி' பக்கங்களில் மேலே வந்துவிடும். கன்ட்ரோலரைத் துண்டித்தால் ஒழுங்காக நிற்கும். செர்ட்டில் தேறிவிடும்.

பழைய வரம்புகள் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் அருமையான கேம்களும் வெளியே நிற்க வேண்டிவரும். ஆனால் பக்கத்தில் உள்ள படங்கள் உள்ளே இருக்கும் கேமைக் காட்டுகின்றனவா என்பதைச் சோதிக்க ஒரு ஆள், சில நிமிடம் போதும். நம் பணத்தில் பங்கு எடுத்துக்கொள்பவர்கள் இதையாவது செய்யக் கடமைப்பட்டவர்கள்.

வாங்கி ஏமாந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

ஸ்டோருக்கு ஸ்டோர் வேறுபடும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாளுக்குள், டவுன்லோட் தொடங்காமல் இருந்தால் கேட்கலாம்; தொடங்கிவிட்டால் கேமில் கோளாறு என்று காட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸில் 14 நாளுக்குள், அதிகம் விளையாடாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நின்டெண்டோ இ-ஷாப்பில் பொதுவாக விற்றது விற்றதுதான். ஆகவே ஆட்டோ டவுன்லோடை அணைத்து வைத்துவிட்டு வாங்குங்கள். விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, அதே கன்சோலில் யாராவது விளையாடிப் பதிவுசெய்த வீடியோவைப் பத்து நிமிடம் பாருங்கள். டெமோ இருந்தால் முதலில் அதைப் போடுங்கள்.